கரையேறும் இழுவைப் படகு

திருப்பூர் கடலைக் காணாத ஊர். ஆயினும் அதன் பின்னலாடைகள் கடல் கடந்தே உலகச் சந்தையை அடைகின்றன. அவற்றுள் பெரும்பகுதி தூத்துக்குடி வழியே செல்கிறது. அங்கே பெருங்கப்பலைத் தள்ளியும் இழுத்தும் துறைமேடையில் அணைப்பது சிறியதோர் இழுவைப் படகு. 'டக்' என்பர் துறைமுகத்தார்.

தூத்துக்குடியின் கரையோரம் ஆழமற்றது. ஆதலால் முற்காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்கைத் தோணிகளே சுமந்தன. 1974 ஜூலை 11-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பெருங்கப்பல் மேடையை நெருங்கிய இடத்தில் இழுவைப் படகின் துணையும் இன்றியமையாததாயிற்று.

இத்தொழிலின் வரலாறு நீண்டது. 1803-இல் ஸ்காட்லாந்துக் கால்வாய் ஒன்றில் 'சார்லட் டண்டாஸ்' என்னும் நீராவிப் படகு, 70 டன் படகுகள் இரண்டை இழுத்துச் சென்றது. அலை கரையை அரிக்கும் என அஞ்சி, கால்வாய் உரிமையாளர்கள் அதனைக் கைவிட்டனர்.

பிறரை இழுக்கும் இப்படகும் ஒருநாள் இழுக்கப்பட வேண்டும். பொதுவாக ஐந்தாண்டுகளில் இருமுறை அதன் அடிப்பாகம் சோதிக்கப்படுகிறது. சறுக்குத் தளத்தின் தண்டவாளத்தில் நிற்கும் தொட்டிலில் அமர்த்தி, விஞ்சு கொண்டு மேலே இழுப்பர். கொட்டலசும் பாசியும் சுரண்டப்படும். இரும்புத் தகட்டின் கனம் அளக்கப்படும். தேய்ந்த தகடு வெட்டியெடுக்கப்படும். பழைய படகாயின், அந்த அளவே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். கரைந்துபோன துத்தநாகக் கட்டிகளுக்குப் பதில் புதியன பொருத்தப்படும். தான் அரிக்கப்பட்டு உடலை அரிப்பினின்று காப்பது அத்துத்தநாகம். இத்தகைய காப்பு முறையை 1824-இல் விளக்கியவர் ஹம்ப்ரி டேவி.

படகு கரையில் நிற்கும் நாள்களில் வருவாய் இல்லை. ஆகவே பராமரிப்பைத் தள்ளிப்போடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அடியில் படிந்தது மறைவில் வளரும்.

திருப்பூர் இதனைத் தன் நொய்யலில் கண்டது. பாசனத்திற்கென 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உரிய காலத்தில் நிறுத்திச் சீர்செய்யாததற்கான விலையை, அவ்வாணை வருமுன் நிலமிழந்த உழவரும், வந்தபின் வேலையிழந்த தொழிலாளரும் கொடுத்தனர்.

படகைக் கரையேற்றலாம். ஆற்றை எந்தத் தொட்டிலில் ஏற்றுவது? அதன் அடியைச் சுரண்ட வேண்டிய கைகள் நம்முடையவையே.