ஜீப்பின் வெப்பநிலை உணரியும் பெரம்பலூர், அரியலூர் சுண்ணாம்பு நிலமும்

வெப்பநிலை உணரி என்பது எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரின் சூட்டை அறிந்து, ஓட்டுநருக்கு முன்னுள்ள மீட்டருக்குத் தெரிவிக்கும் சிறிய உறுப்பு ஆகும். பணிமனைகளில் இதனை டெம்பரேச்சர் சென்சார் என்பர். பழைய ஜீப் வகை வண்டிகளில் இதன் அமைப்பு மூன்று கட்டங்களாக மாறி வந்துள்ளது. கடினநீர் கிடைக்கும் பகுதிகளில் இவ்வுறுப்பின் பராமரிப்பு தனிக் கவனம் பெற வேண்டியது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அத்தகைய பகுதிகளாகும்.

நிலமும் நீரும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. கிரெட்டேசியக் காலத்தில் இந்நிலத்தின் பெரும்பகுதி கடலடியில் இருந்தது. கடல் உயிரிகளின் ஓடுகளும் வண்டலும் படிந்து சுண்ணாம்புப் பாறைகளாயின. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிரான்சிசு பிளான்போர்டு இப்பாறைகளை ஆய்ந்து உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனப் பிரிவுகளாக வகுத்தார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரம் இந்நில வரலாற்றின் புகழ்பெற்ற சான்றாகும். இதே சுண்ணாம்புக் கல்லை நம்பியே அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்று அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து நிலத்தடியில் சேரும்போது கடினநீராகிறது. காரை முதலிய ஊர்களின் களிமண் படிவுகளில் ஜிப்சமும் காணப்படுகிறது. ஜிப்சம் கரைந்த நீரின் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் நீங்காது. மனிதர் குடிக்கும் நீரில் உப்புச் சுவையாகத் தெரிவது, எஞ்சினுக்குள் கல்லாகப் படிகிறது.

ஜீப்பின் வருகை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிசு நிறுவனம் 1941 முதல் ஜீப்பைப் பெருமளவில் உருவாக்கியது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947இல் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே நினைவுக்கு வரும் வண்டியாக ஜீப் ஆனது. வருவாய், வனம், காவல் ஆகிய துறைகளும் அதையே நம்பின. தார்ச்சாலை எட்டாத சிற்றூர்களுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் ஏற்ற நான்கு சக்கர இயக்கம் அதன் சிறப்பு. ஆனால் தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு முன்னிருந்து வரும் காற்று குறைவு. எஞ்சினின் உழைப்போ மிகுதி. ஆகவே கோடையில் சூட்டைக் கவனிப்பது ஓட்டுநரின் முதற்கடமைகளுள் ஒன்றாயிற்று.

உணரியின் வளர்ச்சி

மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் ரேடியேட்டர் மூடியின் மேலேயே வெப்பமானி பொருத்தப்பட்டது. 1910களில் பரவிய பாய்சு மோட்டோமீட்டர் இவ்வகையில் பெயர் பெற்றது. அது நீரைத் தொடாமல், மேலெழும் ஆவியின் சூட்டைக் காட்டியது.

இரண்டாவது கட்டத்தில் நுண்குழாய் மீட்டர் வந்தது. எஞ்சின் தலைப்பகுதியில் செருகப்படும் உலோகக் குமிழில் ஈதர் போன்று எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடேறும்போது அதன் ஆவியழுத்தம் மெல்லிய செப்புக் குழாய் வழியே மீட்டரை அடைந்து, வளைந்த குழாய் ஒன்றை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். இவ்வளைகுழாய் உத்தி, பிரான்சு நாட்டு யூசின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்றது. போர்க்கால ஜீப்புகளில் இருந்தது இவ்வகை மீட்டரே. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் குழாய் ஓரிடத்தில் ஒடிந்தாலும் திரவம் வெளியேறி, மீட்டர் முழுவதும் பயனற்றுப் போகும்.

மூன்றாவது கட்டம் மின்தடை உணரி. சூடேறும்போது சில பொருள்களின் மின்தடை குறைவதை மைக்கேல் பாரடே 1833இல் வெள்ளி சல்பைடில் கண்டார். சாமுவேல் ரூபன் 1930இல் இதனை வணிகப் பயனுள்ள தெர்மிஸ்டராக்கினார். பிற்கால ஜீப்புகளில் பித்தளை உறைக்குள் அடைத்த இவ்வகை உணரியே இடம்பெற்றது. ஒற்றைக் கம்பி உணரியில் மின்னோட்டம் அதன் மரை வழியாக எஞ்சின் உடலைச் சேர்ந்து சுற்றை நிறைவு செய்கிறது.

சுண்ணாம்புப் படிவின் விளைவு

வழியில் கிணற்று நீரையோ குழாய் நீரையோ ரேடியேட்டரில் ஊற்றுவது நெடுங்கால வழக்கம். கடினநீர் சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இப்படிவு இரு வகையில் தீங்கு செய்யும். உணரியின் குமிழைப் போர்த்தி, சூடேறும் செய்தியைத் தாமதப்படுத்தும். எஞ்சினின் உட்சுவரில் படிந்து, உலோகத்தின் சூடு நீருக்குச் செல்வதைத் தடுக்கும். இரண்டாவது வகையில் உணரி சரியாகவே வேலை செய்யும்; ஆனால் அது நீரின் சூட்டைக் காட்டுமே தவிர, அதைவிட மிகச் சூடான உலோகத்தைக் காட்டாது.

இதைவிட ஏமாற்றுவது நீர்க்குறைவு. ரேடியேட்டர் அல்லது ஹோஸ் கசிந்து நீர்மட்டம் உணரிக்குக் கீழே இறங்கினால், உணரி நீரைத் தொடாமல் காற்றிடத்தில் நிற்கும். அப்போது முள் உயராமல், சில வேளை தாழவும் கூடும். முள்ளை மட்டும் நம்பி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் எரியலாம். சிலிண்டர் ஹெட் வளையலாம் அல்லது வெடிக்கலாம். சிறு உறுப்பொன்றின் பிழையால் எஞ்சினையே பிரிக்க நேரும்.

சோதித்தலும் மாற்றுதலும்

மின் உணரி கொண்ட பழைய வண்டியில் முதற்சோதனை எளிது. சாவியைத் திருப்பிய நிலையில் உணரியின் கம்பியைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அக்கம்பியை நொடிப்பொழுது எஞ்சின் உடலில் தொட்டால் முள் சூட்டுப்பக்கம் நகர வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் மீட்டரும் கம்பியும் நலமே. ஐயம் உணரியின் மீது விழும். எரிபொருள் மீட்டரும் சேர்ந்து தவறாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியைப் பார்க்க வேண்டும்.

கழற்றிய உணரியை நீரில் அமிழ்த்திச் சூடாக்கி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். சூடு ஏற ஏறத் தடை சீராகக் குறைய வேண்டும். இடையில் தாவினாலோ மாறாமல் நின்றாலோ உணரி பழுது. கணினிவழி எரிபொருள் கட்டுப்பாடுள்ள வண்டிகளில் பரவலாக உள்ள ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓமும், 100 பாகையில் 200 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். பழைய மீட்டர்களுக்கான உணரிகளின் அளவு வேறு. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் உணரியைப் போட்டால் முள் பொய் சொல்லும்.

மாற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைக்கும். உணரிக்குக் கீழ்மட்டம் வரை நீரை வடித்துவிட்டு, சரியான ஸ்பானரால் கழற்ற வேண்டும். மரையிலும் துளையிலும் படிந்த சுண்ணாம்பைத் துடைத்தல் வேண்டும். ஒற்றைக் கம்பி உணரியின் மரையில் சீலிங் டேப்பைத் தடித்துச் சுற்றினால் எர்த் துண்டிக்கப்பட்டு, முள் குளிரையே காட்டும். மிகை இறுக்கம் மென்மையான பித்தளை மரையை அறுத்துவிடும். நுண்குழாய் வகையில் குழாயை மடக்காமல், புகைபோக்கியில் படாமல் அகன்ற வளைவாகக் கொண்டுசெல்ல வேண்டும்.

பின்னர் நீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக்குமிழ்களை வெளியேற்ற வேண்டும். வாலை வடிநீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவது இந்நிலத்தில் சிறந்தது. கொதிக்கவைத்து ஆற்றிய கிணற்று நீர் தற்காலிகக் கடினத்தன்மையை மட்டுமே இழக்கும். ஜிப்சத்தின் பங்கு அதில் எஞ்சியிருக்கும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால், வடித்த நீரைக் கால்நடைகள் குடிக்கும் இடத்தில் விடக் கூடாது.

இன்றைய நிலை

புதிய வண்டிகளில் உணரி மீட்டருக்கு மட்டுமன்றி, எரிபொருளின் அளவையும் மின்விசிறியின் இயக்கத்தையும் முடிவுசெய்யும் கணினிக்கும் செய்தி தருகிறது. பழைய ஜீப்பில் அந்த முடிவு ஓட்டுநரிடமே உள்ளது. அதனால் காலையில் வண்டியை எடுக்குமுன் நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்கும் பழைய வழக்கம், எந்த உணரி பொருத்தப்பட்டிருந்தாலும் கைவிடத் தக்கதன்று.