தீயை அடக்கிய பெட்டி

வெடிக்கும் வாயு உலவுகின்ற இடத்தில் ஒரு மின்விசைப் பெட்டியை வைக்க வேண்டுமாயின், வாயு உள்ளே புகாதவாறு அதனை இறுக மூடிவிட வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். மாணவ நண்பர்களே, உண்மை அதுவன்று. வாயு புகட்டும், உள்ளே வெடிக்கவும் வெடிக்கட்டும், அந்தத் தீ வெளியே எட்டிப் பாராதிருந்தால் போதும் என்பதே அப்பெட்டியின் தத்துவம். பட்டறைகளில் இதனைப் 'பிளேம்புரூப்' பெட்டி என்பர். இதனைச் செய்தவர் நினைத்தவுடன் விற்றுவிட இயலாது. சோதனையும் சான்றும் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எளிதில் வந்ததன்று.

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் செங்கெனித் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர் மாண்டனர். மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார். சுரங்க நிர்வாகிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுன்! தீ மூண்ட காரணம் ஐயமறத் துணியப்படவில்லை. ஆயினும், மணியடித்துச் செய்தி அனுப்புவதற்காக அங்கே ஓடிய மின்கம்பிகளின் பொறிமீதே ஐயம் விழுந்தது. சில மின்கலங்களால் இயங்கும் சிறு மணி அது. கையால் தொட்டாலும் உறைக்காத அந்த மின்சாரமா சுரங்கத்தைக் கொளுத்தும்? வீலர் என்னும் அறிஞர் சோதித்து, 1915-இல் விடை கூறினார்: கொளுத்தக்கூடும். மணியின் கம்பிச் சுருளில் தேங்கிய ஆற்றல், இணைப்பு அறும் கணத்தில் பொறியாகப் பாய்கிறது. மின்னழுத்தம் குறைவு என்பதனாலேயே ஒரு கருவி தீங்கற்றதாகிவிடாது என்பது அன்று தெளிவாயிற்று.

இனிப் பெட்டிக்கு வருவோம். 1815-இல் ஹம்பிரி டேவி தம் சுரங்க விளக்கின் சுடரைச் சுற்றிக் கம்பி வலை அமைத்தார். நுண்ணிய துளை வழியே செல்லும் தீ தன் வெப்பத்தை உலோகத்திடம் இழந்து அவிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான பெய்லிங், மின்கருவிகளுக்கான பெட்டிகளைச் சோதித்து இதே உண்மையைப் பயன்படுத்தினார். வலைக்குப் பதிலாக, மூடியும் உடலும் சேரும் அகன்ற விளிம்புகளுக்கிடையே உள்ள மெல்லிய இடுக்கே தீயை அவிக்கும் வழியாயிற்று.

அந்த இடுக்கின் அளவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள விளிம்பினூடே மீத்தேன் தீ கடவாதிருக்க, இடுக்கு 1.14 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஹைட்ரஜனுக்கோ வெறும் 0.29! இவை சோதனைச்சாலை எல்லைகள். செய்வோர் இவற்றினும் குறுக்கியே அமைக்க வேண்டும். ஆகவே, நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சான்று பெற்ற பெட்டியை ஹைட்ரஜன் உள்ள ஆலைக்கு விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்றே நான் சொல்வேன்.

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள், எண்ணெய் ஆவி உலவும் இடங்களின் மின்கருவிகளைக் கட்டுப்படுத்துகின்றன. நாகபுரியிலுள்ள வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் அவற்றுக்கு வேண்டும். தன்பாத் நகரில் 1956-இல் மத்தியச் சுரங்க ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1958 பிப்ரவரியில், வங்காளத்துச் சினாகுரி சுரங்கம் வெடித்து 176 பேர் மாண்டனர். சோதனை நிலையத்தின் தேவையை இதனினும் கொடிதாக எடுத்துரைக்க முடியாது.

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. கடைசல் வேலையறிந்த கைகள் இப்பகுதியில் பெருகின. 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதும், இத்தகைய பெட்டிகளின் தேவை நம் வாயிற்படிக்கே வந்துவிட்டது. அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில், முதியவர் ஒருவர் விளிம்பிடையே பீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்ப்பதைக் கண்டேன். தகடு நுழைந்தது, மறு பேச்சின்றிப் பெட்டியை ஒதுக்கினார். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சோதனை வேடிக்கையானது. பெட்டிக்குள்ளும் வெளியேயும் வெடிகலவையை நிரப்பி, உள்ளே பொறியை எழுப்புவர். உள்ளே வெடிக்கும், வெளிக்கலவை அமைதியாயிருக்க வேண்டும். ஒரு முறை தப்பினால் போதாது. மீண்டும் மீண்டும் வெடிக்கச் செய்வர். தேறிய பெட்டியின் வரைபடத்தில் கண்டவாறே பின்னர் வரும் ஒவ்வொன்றையும் செய்தாக வேண்டும். விளிம்பில் வண்ணம் பூசலாகாது; போல்ட்டு ஒன்றைக்கூடக் குறைக்கலாகாது. அதனாற்றான் மூடியின்மேல், சான்று எண்ணோடு, மின்சாரத்தைத் துண்டிக்காமல் திறவாதே என்ற எச்சரிக்கையும் பொறிக்கப்பட்டிருக்கிறது.