பழைய ஆட்டோமேட்டிக் கார் திருத்தணி மலை ஏறுமா? சாதா கியர்பாக்ஸ், பெர்ஃபார்மன்ஸ் கியர்பாக்ஸ் - உள்ளே என்ன வித்தியாசம்?

திருத்தணி முருகன் கோயிலுக்கு நடந்து போனால் 365 படிகள். காரில் போனால் மலைப்பாதை. கூட்ட நாட்களில் அந்த ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பழைய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இதுதான் சோதனை. பெர்ஃபார்மன்ஸ் கியர்பாக்ஸ் மாற்றினால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

எப்படி வேலை செய்கிறது?

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. 1964-ல் வந்த 'டர்போ ஹைட்ராமேட்டிக் 400' ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவிலும் பயன்பட்டது. இந்த வகையில் இன்ஜினின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் ஆயில் வழியாகக் கடத்தும். ஆயில் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கி கியரை மாற்றும்.

உள்ளே என்ன மாறுகிறது?

* கிளட்ச்: சாதாவில் அளவான தட்டுகள். பெர்ஃபார்மன்ஸில் கூடுதல் தட்டுகள், அதிக வெப்பம் தாங்கும் உராய்வுப் பொருள்.
* வால்வ் பாடி: சாதாவில் கியர் மெதுவாக, அலுங்காமல் விழும். பெர்ஃபார்மன்ஸில் ஆயில் அழுத்தம் அதிகம். 'டக்'கென்று குலுக்கலோடு விழும். கிளட்ச் வழுக்கும் நேரம் குறைவதால் தேய்மானமும் குறையும்.
* ஷாஃப்ட்: அதிக முறுக்கு விசையைத் தாங்கும் உறுதியான எஃகு.
* டார்க் கன்வெர்ட்டர்: பந்தயத்துக்கான வகையில் இன்ஜின் அதிக வேகத்தில் சுற்றிய பிறகே காரை முழு பலத்தோடு தள்ளும்.

மலைக்கு எது நல்லது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பந்தய கன்வெர்ட்டர் மெதுவான ஏற்றத்தில் அதிகம் வழுக்கும். வழுக்கல் முழுக்க வெப்பமாக மாறி ஆயிலில் இறங்கும். சுமார் 80 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய ஆயில் 115 டிகிரியைத் தாண்டினால் கெட்டு, பிசுபிசுப்பாகப் படியத் தொடங்கும். பிறகு வால்வுகள் சிக்கும், கிளட்ச் கருகும்.

அதனால் கோயிலுக்கும் ஊருக்கும் ஓடுகிற காருக்கு நல்ல நிலையில் உள்ள சாதா கியர்பாக்ஸும், கூடுதல் ஆயில் கூலரும் போதும்.

ஏறும் முன் கவனிக்க வேண்டியவை

* ஆயில் கருத்து, கருகிய வாடை அடித்தால் மலை ஏற வேண்டாம். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் போடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தே காரை நிறுத்தி வைத்தால் ஆயில் கொதிக்கும்.
* இறங்கும்போது 'எல்' அல்லது '2'-ல் வைத்தால் பிரேக் சூடாவது குறையும். நியூட்ரலில் மட்டும் இறங்கவே கூடாது.