கதையின் வரைபடமும் காவிரி மண்ணும்

நாவலாசிரியர் கற்பனையில் ஒரு நாட்டைப் படைக்கும்பொழுதும் அவருடைய பாதம் எங்கேனும் ஓரிடத்தில் மண்ணில் ஊன்றியே இருக்கும். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி தாம் பிறந்த டார்செட் பகுதியைத்தான் 'வெஸ்ஸெக்ஸ்' என்னும் கதை நாடாக்கினார். டார்செஸ்டர் நகரம் அங்கே 'காஸ்டர்பிரிட்ஜ்' ஆயிற்று.

நம் தஞ்சைத் தரணியில் இதற்கு நிகராகச் சொல்லத் தக்கது, 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஹார்டி ஊர்ப் பெயர்களை மாற்றினார். கல்கி அதையும் செய்யவில்லை. 1899இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த அவருக்கு ஆறும் வாய்க்காலும் ஏட்டில் கற்றவை அல்ல, கண்டு வளர்ந்தவை.

கதை ஆடிப் பதினெட்டாம் நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் விருதுப் பெயர். அதுவே மருவி இன்று வீராணம். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே அதற்கு நீர் வருகின்றது. 2004 முதல் அந்நீர் சென்னைக்கும் செல்கின்றது. மன்பவுல் அன்வார் மத்ரஸாவால் கல்விப் புகழ் பெற்ற லால்பேட்டை இந்த ஏரியை ஒட்டியே உள்ளது. கரைமேல் நின்று நீர்ப்பரப்பை நோக்குவோர்க்கு, வந்தியத்தேவன் வியந்த வியப்பு மிகையன்று என்பது விளங்கும்.

கோடிக்கரையும் அவ்வாறே. உப்புச் சேறும் புதர்க்காடும் மான் கூட்டமும் அங்கே இன்றும் உண்டு. ஆனால் பழைய கலங்கரை விளக்கமொன்றின் எச்சமாக நின்ற செங்கற் கட்டடம் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் வீழ்ந்தது.

நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் நாகப்பட்டினம். நோயுற்ற இளவரசர் அருள்மொழிவர்மர் அங்குள்ள சூடாமணி விகாரத்தில் தங்கியதாகக் கதை கூறும். அது சுந்தர சோழர் காலம்; பத்தாம் நூற்றாண்டு. ஆயின் சரித்திரம் வேறு கூறுகின்றது. ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர் பெயரால் எழுந்த அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தவர், பின்னாளில் இராஜராஜ சோழராக அரியணை ஏறிய அதே அருள்மொழிவர்மர். ஆண்டு ஏறத்தாழ 1006. இச்செய்தி லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளில் உள்ளது. கதாசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திவிட்டார்! கதையைப் படித்துவிட்டுச் சரித்திரம் கற்றோம் என்றிருக்கும் நம் பிள்ளைகள் இதனை அறிதல் வேண்டும்.

எனினும் நாம் குறை கூற வரவில்லை. நாகையில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய பௌத்த கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே செல்வோர் அதனைக் காண இயலாது. காலக் கணக்கில் பிழைபட்ட கதையே அந்தப் பள்ளியின் நினைவைத் தமிழ் இல்லங்களில் காத்துவருகின்றது.

அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில் நாகூர் தர்காவின் மனாராக்கள் நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்ததை 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கடலோடி வரும் மரக்காயர்களுக்குக் கரை காட்டியது அது. நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என நீளும் இக்கரையின் மரக்கலங்களையும் மக்களையும் கொண்டு எத்தனை கதைகள் எழுதலாம்! மனாரா நிற்கின்றதே என்று நாம் வாளாவிருந்துவிட்டோம். நாகைக் கோபுரமும் ஒரு காலத்தில் நின்றதுதான்.

முதியோர் நினைவில் உள்ள துறைகளையும் தெருக்களையும் இன்றே கேட்டு எழுதி வைப்போம். நாளை ஒரு கல்கி நம்மிடையே தோன்றினால், அவர் கால் ஊன்ற மண் வேண்டாமா?