ரேந்தை முதல் மேட்டித் துணி வரை



மலருக்கு நம்ம பூத்தையல் வேலையைப் பற்றி எழுதித் தரணும்னு தலைவி அக்கா கேட்டபோது, பத்தாவது வரைக்கும் படிச்ச நான் என்னத்த எழுத என்று மழுப்பினேன். "குஷன் உறை சாயம் போன கதையை எழுது" என்றார்கள். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தக் கதை மட்டும் எழுதினால் பாதிதான் ஆகும் என்று பட்டது. நூலை யார் பார்த்து எடுக்கிறார்கள், யார் காசில் வாங்குகிறார்கள், தைத்ததை முடித்து விற்பது யார் என்ற கேள்வி நம்ம பக்கத்தில் 200 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

எனக்கு இதெல்லாம் முதலில் சொன்னது எங்க அம்மச்சி. அவள் ரேந்தை பின்னினவள். நாம் லேஸ் என்று சொல்வதைத்தான் பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள். ஜன்னல், அலமாரி, மேசை மாதிரி இதுவும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அம்மச்சிக்கு ஒரு கெட்டியான உருண்டைத் தலையணை இருந்தது. அதன்மேல் ஓட்டை குத்தின அட்டையை வைத்து, ஓட்டைக்கு ஒரு குண்டூசியாகக் குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றிப் போடுவாளாம். கட்டைகள் மோதுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். ஏஜெண்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், பின்னினதை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் கூலியில் பிடித்தம். மரச்சீனி அவித்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தலையணையைத் தொட்டால் அம்மச்சியிடம் அடிதான், அழுக்குப் பட்டால் அதற்கும் பிடித்தம் உண்டல்லவா.

அவள் சொன்ன ஒரு பேச்சு எனக்கு மறக்கவே இல்லை. "கை மட்டுந்தான் எனக்கதாக்கும் மக்களே. நூலும் அவியளுக்கது, குண்டூசியும் அவியளுக்கது."

இந்த வேலை நம்ம மாவட்டத்துக்கு வந்தது நாகர்கோவில் வழியாக. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819 கடைசியில் நாகர்கோவில் வந்தார்கள். அப்போது நாமெல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம்தான் இருந்தது. மால்ட் துரைசாணி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பின்னின லேஸை வெள்ளைக்காரப் பெண்கள் வாங்கினார்கள், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. அடிமைகளாக இருந்த பிள்ளைகள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டார்கள் என்றும் மிஷன் வரலாற்றில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வந்தது 1855-இல். அதற்கு எத்தனையோ வருஷம் முந்தி, ஊசியும் நூலும் வைத்து ஒரு பிள்ளை தன்னை மீட்டிருக்கிறாள். நம்ம குழுவில் சேமிப்பு 100 ரூபாய் கட்ட முணுமுணுக்கும்போது எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கணும். அதே காலத்தில் நம்ம பாட்டிமார் பலருக்குத் தோளில் துணி போட உரிமை இல்லை. 1814-இல் கர்னல் மன்றோ காலத்து உத்தரவு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றது. அந்தத் தளர்ந்த குப்பாயத்தின் மாதிரியை அமைத்துக் கொடுத்தது மீட் துரைசாணி என்று சொல்கிறார்கள். மேல்சீலை போடுவதற்கு மறுபடியும் தடை, மறுபடியும் அடிதடி. தோள்சீலைக் கலகம் பற்றி நம்ம எல்லாருக்கும் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கும். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று மகாராஜா உத்திரம் திருநாள் அறிவித்தது 1859 ஜூலை 26-இல். அப்படியானால் அதற்கு முந்தி 40 வருஷம் லேஸ் பின்னின பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு துரைசாணியின் கழுத்துப் பட்டிக்கு அழகு பின்னிக் கொடுத்தவளுக்கு, தன் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக முடியவில்லை.

பிறகு நெய்யூர் மிஷன் பக்கம் பூத்தையல் வளர்ந்தது. நம்ம ஊரிலிருந்து அதிக தூரமில்லாத முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து மதர் மரி லூயிஸ் வந்தார். பெல்ஜியம் லேஸுக்குப் பேர்போன நாடு. அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸும் பூத்தையலும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நம்ம பக்கத்துப் பெண்களுக்கு ஊசி வேலையில் இப்படி ஒரு கை வந்தது இந்த இடங்களால்தான். நான் நன்றி கெட்டுப் பேசவில்லை. ஆனால் படம் போட்டது அவர்கள், நூல் கொடுத்தது அவர்கள், விற்றதும் அவர்கள். அந்த மூன்றையும் நம்ம ஆட்கள் படிக்கவில்லை. மிஷன் கை விட்ட இடத்தில் ஏஜெண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆந்திராவில் நரசாபூர் என்று ஒரு ஊர். அங்கேயும் மிஷன் வழியாக வந்த வேலைதான், கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா லேஸ். மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டுப் பெண் அதை ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகம் போட்டார் என்று பயிற்சிக்கு வந்த மேடம் சொன்னார்கள். நாள் முழுக்கப் பின்னுகிற பெண்களை வியாபாரிகள் "வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், பொழுது போகப் பின்னுகிறார்கள்" என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்களாம். அதோடு ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், வேறொருத்தி அதைச் சேர்ப்பாள், முழுசாக முடிந்த பொருளை யாருமே பார்ப்பதில்லை. அது சொன்னபோது எங்க வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. நரசாபூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கூலியும் கூடியிருந்தால் நல்லது.

இனி நூலுக்கு வருகிறேன். நாம் வாங்குகிற ஆங்கர், கோட்ஸ் எல்லாம் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் வளர்ந்த கம்பெனிகளின் பேர். கிளார்க், கோட்ஸ் என்று இரண்டாக இருந்தது 1896-இல் ஒன்றானது. இங்கே திருநெல்வேலிப் பக்கம் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரை வைத்து மில் ஓட்டினார்கள். அந்த மில்லுகள்தான் பிறகு 1974-இல் மதுரா கோட்ஸ் ஆனது. அம்மச்சி காலத்தில் ஏஜெண்டு பையில் வந்த நூல், இப்போது மார்த்தாண்டம் கடையிலும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்திலும் நம்ம கைக்கே கிடைக்கிறது. கிடைத்தால் போதாது, பார்த்து எடுக்கத் தெரியணும். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

கிறிஸ்துமஸ் கண்காட்சிக்காக மேட்டித் துணியில் 30 குஷன் உறை தைக்க எங்க குழு முடிவு செய்தது. வெளிநாட்டில் கேன்வாஸ் என்ற வலைத்துணியில் கம்பளி நூலால் துணியே தெரியாமல் நிரப்பித் தைப்பார்கள். நம்ம ஊர் மழைக்கும் பூச்சிக்கும் கம்பளி நிற்காது. அதே கட்டம் எண்ணுகிற வேலையைப் பருத்தி நூலால் மேட்டியில் செய்யலாம். உள்கடன் 6000 ரூபாய் எடுத்தோம். நூல் வாங்கும் பொறுப்பு என்னிடம். ஒரு கடையில் பேர் இல்லாத சிவப்பு நூல், கண்டுக்கு 3 ரூபாய் குறைவு. பளபளவென்றுதான் இருந்தது, எடுத்து வந்தேன். தைத்து முடித்துக் கஞ்சி போட நனைத்தபோது சிவப்பு இறங்கி வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ். 30-இல் 18 போயிற்று.

அந்தப் பணத்தை மகளுடைய பீஸுக்கு என்று கணக்குப் பண்ணி வைத்திருந்த ஒரு மைனி என் முகத்தைப் பார்த்து, "எடுத்தவளுக்குத் தெரியாண்டாமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. கடனை அடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. கடைக்காரரிடம் போனால் பில் இல்லையே என்றார். உண்மைதான், நான் பில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கற்றதை எழுதுகிறேன், புதிதாக ஆரம்பிக்கும் குழுக்களுக்கு உதவும்.

எந்த நூலானாலும் ஒரு முழம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு, கருநீலம் இந்த மூன்றையும் கட்டாயம் பார்க்கணும். நிற நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் லேசாக மாறும், வெயிலில் வைத்தால் தெரியும். அதனால் ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே நாளில் வாங்கி, சுற்றியிருக்கும் தாளைக் கிழித்து எறியாமல் நோட்டில் ஒட்டி வைக்கணும். ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. அங்குலத்துக்கு 11 கட்டம் உள்ள மேட்டிக்கு மூன்று இழையும் 22-ஆம் நம்பர் ஊசியும், 14 கட்டத்துக்கு இரண்டு இழையும் 24-ஆம் நம்பரும் சரியாக வரும். ஊசி முனை மொட்டையாக இருக்கணும், கூர் ஊசி துணி இழையைப் பிளந்துவிடும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வருகிற நூல் போதும். நீளமாகக் கோத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது நம்ம பேராசை. துணிக்குள் போய்ப் போய் நூலின் மினுப்பு போய்விடும்.

16 அங்குல உறைக்குத் துணியை 20 அங்குலம் வெட்டி, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டுத்தான் தொடங்கணும். மேட்டி பிரிந்துகொண்டே போகும். ரிங்கின் உள்வளையத்தில் வெள்ளை நாடா சுற்றினால் துணி வழுக்காது, இரவில் ரிங்கைக் கழற்றி வையுங்கள். சாதாரணத் துணியில் படம் எடுக்க மண்ணெண்ணெயில் நீலம் குழைத்து ஓட்டைத் தாள்மேல் தேய்ப்பது பழைய வழக்கம். மணம் போக இரண்டு நாள் காய வேண்டும், அவசர ஆர்டருக்கு அது ஒத்துவராது.

இத்தனையும் செய்து கடைசி வேலையில் விடுகிறவர்கள்தான் அதிகம். தைத்ததைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, பூ கீழே பார்க்கும்படி தடித்த துண்டின்மேல் போட்டு இஸ்திரி போடணும். அப்போதுதான் தையல் எழுந்து நிற்கும். சாய்ந்த தையலாகவே நிரப்பினால் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பலகையில் மூலை பார்த்துத் துருப்பிடிக்காத ஊசியால் குத்திக் காயவிட்டால் சதுரம் திரும்ப வரும். பின்பக்கத்துத் துணியை முன்னாடியே ஊறவைத்துச் சுருங்க விடணும், இல்லாவிட்டால் வாங்கினவர் வீட்டு முதல் துவைப்பிலேயே பின்பக்கம் சுருங்கி நம்ம பேரும் சுருங்கும். ஜிப் நைலானில் போதும். இடவப்பாதியும் துலாமழையும் உள்ள ஊரில் இரும்பு ஜிப் ஒரு வருஷம் தாங்காது. சுவரில் மாட்டுவது என்றால் அட்டையில் பசை போட்டு ஒட்டாதீர்கள், மஞ்சள் பிடிக்கும், பூச்சி வரும். பின்னால் நூல் கோத்து இழுத்துக் கட்டி, கண்ணாடி நூலில் உரசாமல் பிரேம் போடச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், முதல் இரண்டு வருஷம் நாங்கள் தைத்த துண்டை அப்படியே ஒரு கடைக்குக் கொடுத்தோம், ஒன்றுக்கு 180 ரூபாய். அவர்கள் உள்துணியும் ஜிப்பும் நாலு மூலைக்குக் குஞ்சமும் வைத்து 550-க்கு விற்றார்கள். குஞ்சம் நம்ம வீட்டில் மிச்சம் கிடக்கிற நூலில் செய்வதுதான். இப்போது முடிக்கிற வேலையும் எங்களுடையது. துணி, நூல், ஜிப், உள்துணி எல்லாம் சேர்த்து 140 ரூபாய் ஆகிறது, 420-க்குக் கொடுக்கிறோம். ஒரு உறைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் நோட்டில் எழுதுகிறோம். முதலில் அதை எழுத எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது, சமையலுக்கு நடுவில் தைப்பதை எப்படி மணி என்று சொல்வது என்று.

அந்த மைனி திரும்ப வந்துவிட்டார்கள். இன்றைக்கும் நான் வாங்கி வரும் ஒவ்வொரு கண்டையும் வெள்ளைத் துண்டில் நனைத்துப் பார்க்காமல் யாருக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, இப்போது நானே துண்டை எடுத்துக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எங்க அம்மச்சியின் தலையணை கரையான் அரித்துப் போய்விட்டது, நூல் கட்டை நாலு மட்டும் என்னிடம் இருக்கிறது. உங்க வீட்டுப் பரணில் பழைய ரேந்தைக் கட்டையோ ஓட்டை குத்தின அட்டையோ கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாமல் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பின்னத் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்டோ கூலி எங்க குழு கொடுக்கும்.