கடாரமும் பகானும்: நீலகண்ட சாஸ்திரியாரின் ஆய்வுநெறி

தமிழகக் கல்வெட்டுகளையும் சீனர் எழுதிவைத்த அரசவைக் குறிப்புகளையும் ஒருங்கு வைத்து ஆய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். நெல்லை இந்துக் கல்லூரியில் ஆசிரியப்பணி தொடங்கி, மந்தைவெளிக்கு வடக்கே கடற்கரையோரம் விளங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1929-இல் வரலாற்றுப் பேராசிரியரானார். சோழர் பற்றிய அவர்தம் பெருநூல் 1935-இலும் 1937-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது.

முதல் இராசேந்திரன் வென்ற கடாரம் பர்மாவே என்பது அவருக்கு முந்திய தலைமுறையின் துணிபு. வி. கனகசபைப் பிள்ளை அப்பொருள்மீது தனி நூலே எழுதினார். மெய்க்கீர்த்தி கூறும் மாப்பப்பாளம், மகாவம்சம் சுட்டும் பர்மியத் துறைமுகத்தை நினைவூட்டிற்று. பெகுவில் நின்ற இரு கருங்கற்றூண்களும் சோழனின் வெற்றித்தூண்கள் எனப்பட்டன. 1918-இல் பிரெஞ்சு அறிஞர் சேதே, சீனக் குறிப்புகளின் துணையோடு ஸ்ரீவிசய அரசை அடையாளம் காட்டவே இக்கருத்து சரிந்தது. கடாரம் மலாயாவின் கெடா ஆயிற்று. சாஸ்திரியார் அம்முடிவையே ஏற்றார். அதனால் சோழர் புகழ் குன்றியதா என்ன? கலம் சென்ற தொலைவு கூடிற்று!

சீனச் சான்றுகள் எப்போதும் நமக்கு இனிப்பன அல்ல. 1077-இல் சோழத் தூதுவர் எழுபத்திருவர் சீன அவைக்குச் சென்றனர். 1106-இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர் வந்தபோது, சோழர்க்குச் செய்த சிறப்பையே செய்யுமாறு பேரரசர் பணித்தார். சடங்குத்துறைத் தலைவரோ மறுத்தார். சோழநாடு ஸ்ரீவிசயத்திற்கு அடங்கியதாம். ஆதலின் அதற்குத் தடித்த தாளில் ஓலை விடுத்தது போதுமாம். பகானோ தன்னுரிமைப் பேரரசாம்! கடாரம் கொண்டவன் மரபுக்கு நேர்ந்த இவ்விழுக்கு வரலாற்றுப் பிழையே. ஆயினும் பிழையும் ஒரு சான்று. தொலைவிலுள்ள அவையில் நம்மைப் பற்றி யார் என்ன சொல்லிவைத்தனர் என்பதை அது காட்டும். இத்தகு அயலார் குறிப்புகளை, மெகஸ்தனிஸ் முதல் மாகுவான் வரை, 1939-இல் தொகுத்தளித்தார் சாஸ்திரியார். ஸ்ரீவிசய வரலாறு 1949-இல் வந்தது. 1975-இல் மறைந்தார்.

பர்மாவில் தமிழர் விட்டுச்சென்ற உறுதியான சுவடு பகானில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது; வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கொண்டது. போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வணிகர் பெயர் தாங்கிய நானாதேசி விண்ணகர்க்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்தவர், மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி.