பாலும் நீரும்: அசேதனத்தின் ப்ரவ்ருத்தி பற்றிய ஒரு விசாரம்

பௌதிகமான ஒவ்வொரு மாறுதலுக்கும் பௌதிகமான காரணமே போதும், வேறொன்றும் வேண்டா என்னும் கொள்கை இக்காலத்தில் விஞ்ஞானத்தின் முடிவாகவே பலரால் கருதப்படுகிறது. இவ்வழக்கு நமக்குப் புதியதன்று. ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தில் ஸாங்க்யரோடு நிகழும் வாதத்தின் உயிர்நிலையே இதுதான்.

ஸாங்க்யர் கூறுவதாவது: பால் தானே தயிராகிறது, மேகம் பொழியும் நீர் ஒரே சுவையினதாயினும் மா, விளா, புளி முதலியவற்றில் புகுந்து வெவ்வேறு ரஸமாகிறது. இவற்றை ஏவுவார் இல்லை. அவ்வாறே ப்ரதானமும் சேதனனை எதிர்பாராமல் உலகாகப் பரிணமிக்கும் என்பர். அவ்விடங்களிலும் ப்ராஜ்ஞனுடைய அதிஷ்டானம் உண்டு என்பது ஸூத்ரகாரர் தரும் மறுமொழி.

இதனை விளக்குமிடத்துச் சங்கராசார்யர், அந்தர்யாமி ச்ருதியைக் காட்டியதோடு, பசுவுக்குக் கன்றிடத்துள்ள அன்பையும், நீரோட்டத்துக்கு வேண்டிய தாழ்நிலத்தையும் காரணங்களாக எடுத்துரைத்தார். எம்பெருமானார் இத்தகைய த்ருஷ்ட காரணங்களைத் தேடவில்லை. பாலும் நீரும் விவாதத்துக்குரிய பக்ஷத்திலேயே அடங்கியவை. ஆதலின் அவற்றையே த்ருஷ்டாந்தமாகக் காட்டுதல் தகாது என்பது அவர் காட்டிய தோஷம்.

இங்கே ஓர் ஐயம் எழும். முந்தைய பாதத்தில், வேறு உபகரணங்களை வேண்டாமலே ப்ரஹ்மம் ஜகத்காரணமாகலாம் என்பதற்குப் பாலையன்றோ ஸூத்ரகாரர் உவமையாகக் காட்டினார்? இவ்விரண்டும் முரணாவோ? முரணல்ல என்று பாஷ்யகாரரே தெளிவித்தார். கண்ணுக்குப் புலனாகும் பிற கருவி இன்றியும் ஒரு பொருள் தனக்குரிய பரிணாமத்தை அடையலாம் என்பதே அங்குச் சொல்லப்பட்டது. நியந்தா இல்லை என்பது சொல்லப்படவில்லை. இந்த வேறுபாடு இன்றைய வழக்குக்கும் திறவுகோல். உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை அமிலமாக்குவதால் பால் உறைகிறது என்று அறிந்தபின்னும் நமக்கு இழப்பொன்றுமில்லை. அந்தர்யாமி, காரணச் சங்கிலியில் விடுபட்ட ஒரு கண்ணியை நிரப்ப வந்தவனல்லன். சங்கிலி முழுவதையும் சரீரமாகத் தாங்குபவன்.

மேனாட்டில் இவ்வழக்கு வேறு வழியில் சென்றது. ஆத்மா உடலை எவ்வாறு அசைக்கும் என்று 1643இல் பொஹீமியாவின் எலிசபெத் அரசகுமாரி டெகார்ட்டுக்கு எழுதிக் கேட்டார். ஆத்மா இயக்கத்தின் அளவை மாற்றாது, திசையை மட்டும் மாற்றும் என்பதே டெகார்ட்டின் கருத்தென்று கொண்ட லைப்னிட்ஸ், திசையும் மொத்தத்தில் மாறாதது என்று மறுத்தார். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றலின் அழியாமையை நிறுவ முற்பட்ட கட்டுரை வெளிவந்தது. ஆத்மாவுக்கென ஒதுக்கப்பட்ட இடைவெளி படிப்படியாகக் குறுகியது. இடைவெளியை நம்பி நிறுவிய ஸித்தாந்தத்துக்கு இது தவிர்க்கவொண்ணாதது.

ஆனால் நாமும் முற்றும் அச்சமின்றி இருத்தற்கில்லை. ஈச்வரனைப் பற்றி மேற்சொன்ன ஸமாதானம் ஜீவன் விஷயத்தில் போதாது. சேதனன் தன் ப்ரயோஜனத்துக்காக நியமிக்கவும் தாங்கவும் தக்கதும், அவனுக்கே சேஷமாயிருப்பதுமான த்ரவ்யமே சரீரம் என்பது நம் லக்ஷணம். கை உயர்வதற்குப் பௌதிக காரணமே முற்றும் போதுமாயின், ஸங்கல்பம் வீணாம். விதி நிஷேத சாஸ்த்ரங்கள் யாரை நோக்கின என்ற கேள்வி எழும். ஜீவனுடைய கர்த்ருத்வம் பராதீனமாயினும் உண்மையானது என்று ஸாதித்த ஸித்தாந்தம் இதனை இசையாது.

அப்படியாயின் விஞ்ஞானத்தோடு விரோதமோ? இல்லை. ஆற்றல் அழியாதென்பது அளவு பற்றிய நியமம். ஸங்கல்பம் காரணமன்று என்பது அதிலிருந்து தானே வாராது. உயிரற்ற பொருள்களில் கண்ட வ்யாப்தியைச் சேதனனுடைய உடலுக்கும் நீட்டுவோர், விவாதத்துக்குரியதையே நிர்ணயமானதாகக் கொள்கின்றனர். ஸாங்க்யர் பாலிடத்துச் செய்ததும் அதுவே.

இந்நியாயம் நம்மையும் கட்டும். உலகின் அமைப்பைக் கண்டு அனுமானத்தால் ஈச்வரனை ஸாதிக்க முயல்வதை சாஸ்த்ரயோனித்வாதிகரணத்திலேயே பாஷ்யகாரர் விலக்கினார். ஆகவே புதிதாக ஒரு பௌதிக காரணம் கண்டறியப்படுந்தோறும் கலங்குவதும், அறியப்படாத ஒன்றைக் கண்டு எம்பெருமானுக்கு இடம் கிடைத்ததென்று மகிழ்வதும் ஆகிய இரண்டும் நம் ஸம்ப்ரதாயத்துக்குப் பொருந்தா.